விடுமுறை என்று தெரியாமல் வந்த நால்வர்

என் ஒரே தங்கையின் ஒரே மகளும், வாயாடிகளின் பேரரசியும், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் தனிப்பெரும் சர்வாதிகாரியுமான மருமகளுக்கு, கடல் கடந்த தாய்மாமன் எழுதுவது.

நான் சுகமாக இருக்கிறேன் என்று எழுதினால் உன் அம்மா நம்ப மாட்டாள். சுகமில்லை என்று எழுதினால் உன் அப்பா நம்ப மாட்டார். ஆகவே என் உடம்பைப் பற்றி இந்தக் கடிதத்தில் ஒன்றும் இருக்காது. நீங்கள் மூவரும் சுகம்தானே?

ஒரு கையை மேஜைமேலும் மறு கையை நெஞ்சின்மேலும் வைத்து (அப்படியானால் பேனா எந்தக் கையில் என்று கேட்காதே) உறுதி கூறுகிறேன்: நான் இப்போது சொல்லப்போகும் கதையை உலகத்தில் ஒருவரும் நம்பப்போவதில்லை. நீயும் நம்பாதே. முழுக்கப் படித்துவிட்டு நம்பாமல் இரு.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டாய். "மாமா, ஒரே ஒரு தடவை அளக்காம சொல்லுங்க. இவ்வளவு தூரம் போய் வாத்தியார் வேலை பாக்கறவங்கல்லாம் எதுக்குத்தான் போறாங்க? நான் அங்க வரலாமா, வேண்டாமா?" என்றாய். பின்னாலிருந்து உன் அம்மா, "அண்ணன்கிட்ட போய் உண்மையைக் கேக்கறா பாரு, அதுக்கு ரேடியோவுல மழை வருமான்னு கேக்கலாம்" என்றது எனக்கு நன்றாகவே கேட்டது. நான் இருமினேன். லைன் சரியில்லை என்றேன். போனில் எனக்குப் பொய் சரளமாக வராது. எழுத்தில்தான் கை பழகியிருக்கிறது.

விஷயம் விளையாட்டில்லை என்று எனக்கும் தெரியும். எங்கள் பள்ளியில் சின்ன வகுப்புக்கு ஆசிரியை இடம் ஒன்று காலி. அதை உன் காதில் போட்டவனே நான்தான். மாதம் முடிவதற்குள் நீ எங்கள் தலைமையாசிரியைக்கு ஒரு பதில் அனுப்ப வேண்டும். இப்போது இருக்கும் பள்ளியை விட்டுவிட்டால், திரும்பிப் போய்க் கதவைத் தட்டினாலும் அங்கே உனக்கு இடம் இருக்காது. நீ விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து உன் அம்மா உன் முகத்தைப் பார்க்காமல், தட்டைப் பார்த்துத்தான் "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ" என்கிறாளாம். உன் அப்பா தனியாகச் சொன்னார். இத்தனை கனமான விஷயத்தில் என்னைக் கேட்டிருக்கிறாய் என்றால், அந்த ஊரில் புத்திசாலிகளுக்கு அவ்வளவு பஞ்சம்.

முதலில் என் மாளிகையைப் பற்றிச் சொல்கிறேன். அது எத்தனை விசாலம் என்றால், கட்டிலில் படுத்துக்கொண்டே அடுப்பை அணைக்கலாம். அங்கே என்னோடு ஒரு ஃபிரிட்ஜ் வசிக்கிறது. ரிட்டையரான போலீஸ் இன்ஸ்பெக்டர் மாதிரி நேரம் பார்க்காமல் தொண்டையைக் கனைக்கும். வந்த புதிதில் திரும்பிப் பார்ப்பேன். இப்போது பதில் சொல்கிறேன். அரசியலில் எங்களுக்குள் ஒத்துவராது, மற்றபடி பிரச்சினை இல்லை. சமையலும் நானேதான். ஒருவனுக்கு மட்டும் சமைக்கிற வித்தை எனக்கு இன்னும் பிடிபடவில்லை. எத்தனை குறைத்துப் போட்டாலும் நாலு பேருக்கு வந்துவிடுகிறது. அந்த நாலு பேரும் நான்தான். அதில் ஒருவன் எப்போதும் உப்பு போதவில்லை என்பான்.

பள்ளி வேறு மாதிரி. பிள்ளைகள் எந்த நாட்டிலும் பிள்ளைகள்தான். நூலில் குண்டைக் கட்டி ஊசலாட விட்டு, பிரபஞ்சத்தின் ரகசியத்தையே அவர்கள் முன்னால் அவிழ்த்துக்கொண்டிருப்பேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை உயரும். "சார், இது பரீட்சைக்கு வருமா?" இதே கேள்வியை நம் ஊர்ப் பிள்ளைகள் வாயிலிருந்து எத்தனை வருஷம் கேட்டேன்! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சாக்பீஸ் தூசு. முதல் மணியிலிருந்து கடைசி மணிவரை இது எனக்குச் சொந்த ஊர் மாதிரிதான் இருக்கிறது. கடைசி மணி அடித்த பிறகுதான் நான் வெளிநாட்டுக்குப் போகிறேன்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். இங்கே என்னைப் போல வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டிருக்கும் உருப்படிகள் இன்னும் மூன்று. பெயரெல்லாம் உன் வாயில் நுழையாது, என் வாயிலும் நுழைவதில்லை. கணக்குப் போடுகிறவர் கதவு நிலையில் தலை இடிக்காமல் எந்த வகுப்பிலும் நுழைந்ததில்லை. ஆகவே நெட்டைக் கணக்கு. அவர் வந்து ரொம்ப வருஷம் ஆகிறது, இந்த ஊர்ச் செய்தித்தாளையே மடக்கி மடக்கிப் படிப்பார். உயிரியல் சொல்லித்தரும் அம்மாள் ஆசிரியர் அறையில் ஒரு மீன்தொட்டி வளர்க்கிறாள். ஆகவே மீன்தொட்டி அம்மா. மூன்றாவது, உன் வயசே இருக்கும் பாட்டு டீச்சர், பியானோப் பொண்ணு. நாங்கள் நால்வரும் நாலு தேசம். எங்களுக்குப் பொதுவாக ஒரு மொழி உண்டு, அதை ஆளுக்கொரு விதமாகக் கொலை செய்வோம். உனக்காக அதை நம் பேச்சில் எழுதுகிறேன். நயம் ஏதாவது தென்பட்டால் அது என்னுடையது.

இவர்களைப் பார்த்து ஏன் இத்தனை தூரம் வந்தீர்கள் என்று கேட்டால் காரணம் சட்டென்று வரும். ஊரில் வீடு கட்டுகிறேன் என்பார் நெட்டைக் கணக்கு. இங்கே வரும் பறவைகளைப் பார்க்க வந்தேன் என்பாள் மீன்தொட்டி அம்மா. உலகத்தைச் சுற்றிப் பார்க்க என்பாள் பியானோப் பொண்ணு. என்னைக் கேட்டால், இரண்டு அரசாங்கங்கள் எனக்காகப் போர் தொடுக்க இருந்தன, ரத்தம் சிந்த வேண்டாமே என்று நானே மூன்றாவது நாட்டுக்கு வந்துவிட்டேன் என்பேன். எல்லோருக்கும் திருப்தி. அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.

இப்போதுதான் நம்ப முடியாத பகுதி.

இந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. திடீர் விடுமுறை என்றால் முந்தின நாள் மாலை எல்லோருடைய போனுக்கும் இந்த ஊர் மொழியில் செய்தி வரும். அதை எங்களுக்குப் புரிகிற மொழியில் மாற்றி அனுப்ப வேண்டியவர் ஆபீஸ் கிளார்க். அவர் டீ குடித்து, கண்ணாடியைத் துடைத்து, மனசு வைத்து அனுப்புவதற்குள் விடுமுறையே முடிந்துபோயிருக்கும். அதனால் நாங்கள் நால்வரும் விடுமுறையன்று பள்ளிக்கு வந்து நின்றால் யாரும் குற்றம் சொல்ல முடியாது.

போன மாதம் ஒரு நாள், பள்ளிக்குத் தண்ணீர் வரும் குழாயை மாற்றுகிறார்கள் என்று விடுமுறை விட்டுவிட்டார்கள். எனக்கு எப்படித் தெரியும்? பச்சைக் குழந்தை மாதிரி சட்டையை இஸ்திரி போட்டு, ஷூவுக்குப் பாலிஷ் போட்டு, அதில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டு போய் நின்றேன். வாட்ச்மேன் என்னைப் பார்த்து இரண்டு கையையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்து, கண்ணை மூடிக் காட்டினார். போய்த் தூங்கு என்று அர்த்தம். நான் கம்பீரமாக வாட்சைக் காட்டினேன். இது வழக்கமாக நடக்கிற சங்கதி போல, அவர் பெருமூச்சு விட்டுக் கேட்டைத் திறந்தார்.

ஆசிரியர் அறையில் விளக்கு எரிகிறது. மீன்தொட்டி அம்மா கையில் வாளியோடு நிற்கிறாள். என்னைப் பார்த்ததும், "இன்னிக்கு லீவாமே! யாருமே சொல்லல பாருங்க. சரி, வந்தது வந்துட்டோம், மீனுக்குத் தண்ணியாவது மாத்தலாம்னு..." என்றாள். நான் குழாயைத் திறந்து காட்டினேன். ஒரு சொட்டு வரவில்லை. வாளியை மெல்லக் கீழே வைத்தாள். தொட்டிக்குள் இருந்த மீன்கள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டன.

அடுத்த நிமிஷம் டங்கென்று ஒரு சத்தம். நிலையில் தலையை இடித்துக்கொண்டு நெட்டைக் கணக்கு. "சிவப்பு பேனாவை மறந்து வச்சிட்டுப் போயிட்டேன், எடுக்கலாம்னு வந்தேன். என்ன, உங்களுக்கெல்லாம் லீவுன்னு தெரியாதா? எனக்கும் தெரியாதே!" என்றார். சிவப்புப் பேனா அவர் சட்டைப் பையில் கொடிக்கம்பம் மாதிரி நின்றுகொண்டிருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. அப்படி யாரும் பார்க்காமல் இருப்பதற்கு எத்தனை பேருடைய உழைப்பு தேவைப்பட்டது தெரியுமா?

கடைசியில் பியானோப் பொண்ணு. கூந்தலில் கிளிப், கையில் பிள்ளைகளுக்கான பாட்டுத் தாள்கள். எங்களைப் பார்த்ததும் அவள் முகம் விழுந்து, பிறகு மலர்ந்தது. "நீங்களும் ஏமாந்துட்டீங்களா!" என்றாள். ஆமாம், ஆமாம் என்று நாங்கள் மூவரும் கிளார்க்கின் பரம்பரையையே திட்டினோம். உண்மையிலேயே தெரியாமல் வந்தவன் நான் ஒருவன்தான் என்பதைச் சரித்திரம் குறித்துக்கொள்ளட்டும்.

வீட்டுக்குப் போகலாம் என்று யாரும் சொல்லவில்லை. திருத்த வேண்டிய நோட்டுகளைத் திருத்தினோம். திருத்தியதை மறுபடி திருத்தினோம். டீ போடத் தண்ணீர் இல்லை. நெட்டைக் கணக்கு ஜன்னல் வழியாகக் காலி மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது எனக்கு ஒரு மகத்தான யோசனை உதித்தது. "வாத்தியார் நாலு பேர் இருக்கோம், ஸ்டூடண்ட் ஒருத்தர்கூட இல்ல, இது என்ன அநியாயம்! வாங்க, நான் பாடம் எடுக்கறேன்" என்றேன்.

என் ஆய்வுக்கூடத்தில் மூவரும் உட்கார்ந்தார்கள். மீன்தொட்டி அம்மா முதல் பெஞ்சு. பியானோப் பொண்ணு நடு பெஞ்சு. நெட்டைக் கணக்கு, எதிர்பார்த்தபடி, கடைசி பெஞ்சில் காலை நீட்டிக்கொண்டு ராக்கெட் விட ஆரம்பித்தார். வருகைப் பதிவு எடுத்தேன். "உள்ளேன் ஐயா" என்று சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொடுத்தேன். மூன்று தேசத்துக்காரர்கள் மூன்று விதமாக "உள்ளேன் ஐயா" சொன்னதைக் கேட்க நீ கொடுத்துவைக்கவில்லை. கூரைமேல் இருந்த புறாக்கள் எழுந்து நின்று மரியாதை செய்தன.

பாடம், தூரமும் இடப்பெயர்ச்சியும். உனக்குப் பள்ளியில் நான் எடுத்ததுதான், நீ தூங்கிக்கொண்டிருந்தாய். ஒருவன் வீட்டிலிருந்து கிளம்பி ஊரெல்லாம் சுற்றிவிட்டு அதே வீட்டுக்கு வந்தால், போன தூரம் எவ்வளவாக இருந்தாலும் இடப்பெயர்ச்சி பூஜ்யம். சொந்த வாழ்க்கையிலிருந்து ஓர் உதாரணம் தருக, ஐந்து மதிப்பெண், என்று கரும்பலகையில் எழுதினேன். விளையாட்டாகத்தான் எழுதினேன்.

கடைசி பெஞ்சிலிருந்து ராக்கெட் வருவது நின்றது. நெட்டைக் கணக்கு எழுந்தார். "சார், ஊர்ல நான் கட்டற வீடு இருக்கே, அது எப்பவோ முடிஞ்சு போச்சு சார். ஒவ்வொரு லீவுக்கும் போய் மேல இன்னொரு மாடி போடறேன். போட்டுட்டு வந்துடறேன். கட்டி முடிச்சிட்டேன்னு சொன்னா அதுல போய் இருக்கணுமே, அங்க யாரு இருக்கா?" என்றார். பிறகு உட்கார்ந்து ராக்கெட்டைப் பிரித்து மடியில் வைத்து நீவிவிட்டார்.

பியானோப் பொண்ணு உட்கார்ந்தபடியே சொன்னாள். "எங்க ஊர்ல நான் என்ன பண்ணாலும் தப்பு. இவளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அக்காவோட என்னை ஒப்பிட்டு ஒப்பிட்டுப் பேசுவாங்க. இங்கயும் நான் தப்புத்தான் பண்றேன். ஆனா, பாவம் வெளிநாட்டுக்காரி, அவளுக்கு எப்படித் தெரியும்னு விட்டுடறாங்க" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் எங்கேயோ இறங்கிப் போய்விட்டது.

மீன்தொட்டி அம்மா பறவையைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். அவள் மேஜையைப் பார்த்துக்கொண்டே, "என் மகளும் நானும் ஒரே தெருவுல இருந்தோம். அவ என்கூடப் பேசறதில்ல. எதுத்தாப்புல வந்தா ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போயிடுவா. இப்ப யாராவது, மகள் பேசறாளான்னு கேட்டா, இவ்வளவு தூரத்துல இருக்கேன், எப்படிப் பேசறதுன்னு சொல்லிக்கலாம் பாருங்க" என்றாள்.

மருமகளே, இவர்களோடு ஒரே மேஜையில் வருஷக்கணக்காக டீ குடிக்கிறேன். இதில் ஒரு வார்த்தைகூட எனக்குத் தெரியாது.

பிறகு மூவரும் என்னைப் பார்த்தார்கள். வாத்தியார் உதாரணம் சொல்ல வேண்டாமா? நான் தொண்டையைக் கனைத்து, ஃபிரிட்ஜைப் போலவே கனைத்து, இரண்டு அரசாங்கங்களின் போரை ஆரம்பித்தேன். யானைப்படையைக்கூடக் கொண்டுவந்தேன். இருவர் சிரித்தார்கள். மீன்தொட்டி அம்மா மட்டும், "உங்களுக்கு மார்க் கிடையாது" என்றாள்.

என்னைப் பற்றி அங்கே ஒரு வதந்தி உலவலாம். கல்யாணம் காட்சி இல்லாமல் தங்கை வீட்டில் இருந்தவன், தங்கை மகளுக்குப் படிக்க ஓர் அறை வேண்டும் என்று வீட்டில் பேச்சு வந்ததும், அறையோடு நாட்டையும் சேர்த்துக் காலி செய்தான் என்று. நம்பாதே. என் புகழ் அந்த அறையில் அடங்கவில்லை. ஒரு பக்கம் ஜன்னல் வழியாகப் பிதுங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

ஆனால் நீ வருவதானால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும், அதை இங்கே வருகிறவர்களிடம் யாரும் சொல்வதில்லை. கடைசியாக நான் ஊருக்கு வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? தெருமுனையிலிருந்து வீடுவரை எல்லோரும் கேட்டார்கள், "எப்ப வந்தீங்க?" நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த கேள்வி, "எப்பக் கிளம்பறீங்க?" உன் அம்மா கடையில் வாங்கிய மடிப்புக் கலையாத துண்டை எடுத்துக் கொடுத்தாள். நீ உன் அறையை எனக்கு ஒழித்துக்கொடுத்துவிட்டு அவளோடு போய்ப் படுத்தாய். உன் அப்பாவுக்கும் எனக்கும் காலையில் செய்தித்தாளுக்கு நடக்கும் யுத்தம் உலகப் பிரசித்தம். இழுத்துக் கிழித்தே இருக்கிறோம். அந்த மனுஷர் அன்றைக்குப் பேப்பரை அப்படியே மடித்து என்னிடம் நீட்டி, "நீங்க முதல்ல படிங்க மச்சான்" என்றார். ஒரு எழுத்து என் கண்ணில் ஏறவில்லை. அதற்குப் பிறகு ஊருக்கு வர எனக்கு நேரம் கிடைக்கவில்லை. விமானத்தில் என் தலைக்கனத்துக்குத் தனியாகக் கட்டணம் கேட்கிறார்கள்.

அதனால்தான் சொல்கிறேன். இல்லை, இன்னும் சொல்லவில்லை, சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

என் வீட்டுக்குக் கீழே ஒரு வீடு காலி. வீட்டுக்காரர் யாரையோ கூட்டிவந்து காட்டியபோது, படியில் நின்று, சுவரெல்லாம் ஈரம், சாயங்காலமானால் உள்ளே யாரோ பாடுகிறார்கள் என்று சொன்னவன் நான் இல்லை. அந்த ஜன்னலைப் போகும்போதும் வரும்போதும் எட்டிப் பார்ப்பவனும் நான் இல்லை. இரண்டாவதாக ஒரு நாற்காலி வாங்கியிருக்கிறேன். கடைக்காரர் அழுதார், அதனால் வாங்கினேன்.

உன்னைப் பற்றித் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். அந்தப் பெண் வருவாளா, நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும் என்றார். இடி மின்னலையே கை கட்டி வாய் பொத்தி உட்காரவைக்கிற டீச்சர் என்று ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டு, "நல்ல டீச்சர். வர்றதும் வராததும் அவ இஷ்டம். நான் எதுவும் சொல்லமாட்டேன்" என்றேன். என் வாயிலிருந்து இத்தனை சின்ன வாக்கியங்கள் வந்ததே இல்லை என்பதால், அவர் பயந்துபோய் எனக்கு உட்கார நாற்காலி போட்டார்.

ஏன் வர விரும்புகிறாய் என்று போனில் கேட்டதற்கு, "சும்மாதான் மாமா, ஒரு மாறுதலுக்கு" என்றாய். பறவை, வீடு, உலகம் என்று எத்தனையோ கேட்டவன் நான். உன் 'சும்மா'வைத் தோண்டமாட்டேன். ஆனால் உனக்கு அது என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். அறிமுகமில்லாத பிள்ளைகள் முன்னால் நின்று, அவர்களுக்கு ஒன்று புரிகிற அந்த நிமிஷத்தைப் பார்க்க ஆசை என்றால், கிளம்பி வா. அது இங்கே நிறைய கிடைக்கிறது. அங்கே யாரோ ஒருவருடைய முகத்தைப் பார்க்காமல் இருந்தால் போதும் என்றால், கொஞ்சம் பொறுத்துக்கொள். இங்கே அந்த முகம் தினமும் வரும், பேசத்தான் வராது. மாமன் ஒண்டியாகக் கிடக்கிறானே என்று மட்டும் வந்துவிடாதே. அதற்கு நான் உன்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டதாக என் எழுத்தில் எங்காவது தெரிந்தால், அடித்துவிட்டுப் படி.

பதில் அனுப்புவதற்கு முன்னால், தட்டைப் பார்த்துப் பேசுகிறாளே உன் அம்மா, அவள் பக்கத்தில் ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிடு. ஒன்றும் பேச வேண்டாம். நீயாகவே, "அம்மா, இன்னும் கொஞ்சம் போடு" என்று கேள். அவள் நிமிர்ந்து பார்ப்பாள். அதற்குப் பிறகும் போகத் தோன்றினால் அது போக வேண்டிய பயணம்தான்.

வந்தாலும் வராவிட்டாலும் நீ நிற்கிற வகுப்பு நிறைந்திருக்கட்டும். மணி அடித்த பிறகும் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஒரு வீடு இருக்கட்டும். அந்த வீட்டில் உனக்கு யாரும் புதுத் துண்டு எடுத்துக் கொடுக்காமல் இருக்கட்டும். உன் அப்பாவிடம், அடுத்த முறை நான் வந்தால் பேப்பரை விட்டுக்கொடுக்க வேண்டாம், பிடுங்கிக்கொள்ளச் சொல்.

இப்படிக்கு,
இரு அரசுகளின் நடுக்கமும், ஒரு ஃபிரிட்ஜின் நண்பனுமான
உன் மாமன்.

பின்குறிப்பு: இதில் எதையும் நம்பாதே என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன். ஒரே ஒரு சின்ன இடம் மட்டும் நிஜம். குழாய் மாற்றுவதற்கு விடுமுறை என்று அந்தச் செய்தி வந்த மாலை, நெட்டைக் கணக்கும் நானும் ஒரே படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தோம். அவர்தான் அதை எனக்குப் படித்து, "நாளைக்கு ஸ்கூல் இல்ல சார்" என்றார். "அப்படியா, ரொம்ப நல்லதாப் போச்சு" என்றேன் நான். மறுநாள் காலை ஆசிரியர் அறையில் அவர் என் முகத்தை நேராகப் பார்த்து, உங்களுக்கும் தெரியாதா என்று கேட்டார். தெரியாதே என்றேன்.